48 மணி நேரத்தில் ஒரு மோசமான வடிவம்: முடிக்கத் தயங்குவோருக்கான ஆறு வாரப் பயிற்சி பற்றிய மதிப்புரை

கட்டணம் செலுத்திய அன்றே அந்தப் பயிற்சியிலிருந்து வந்த முதல் மின்னஞ்சலில் வரவேற்புரையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. நீங்கள் வெகுகாலமாகச் செய்ய நினைத்துச் செய்யாமல் வைத்திருக்கும் ஒன்றின் மிக மோசமான வடிவத்தை 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள், அதன் பிறகுதான் முதல் பாடம் திறக்கும் என்ற ஒற்றைக் கட்டளை மட்டும் இருந்தது. எண்ணங்களை மனத்துக்குள்ளேயே வைத்து மெருகேற்றிக்கொண்டு, வெளியே எடுத்து வைக்காமல் காலம் கடத்துபவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட ஆறு வார இணையவழிப் பயிற்சி அது. அதை முடித்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. எது நிலைத்த பலன், எது அந்த நேரத்து உற்சாகம் என்று பிரித்துச் சொல்ல இந்த இடைவெளி போதுமானது. நடத்துபவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே வார்ப்பில் இன்று பல பயிற்சிகள் கிடைப்பதால், நிறைகுறைகளைப் பற்றி நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தக்கூடும்.

நான் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் இந்த மதிப்பீட்டின் அளவுகோல் விளங்கும். கணக்கிடும் இயந்திரங்களின் வரலாற்றை 24 பகுதிகள் கொண்ட பாட்காஸ்ட்டாகச் செய்ய வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்தேன். ஏழு குறிப்பேடுகள் நிரம்பியிருந்தன. மைக் மூன்று முறை மாறியிருந்தது. முதல் பகுதியின் முதல் வாக்கியத்துக்கு மட்டும் 19 வடிவங்கள் இருந்தன. ஒலிப்பதிவு செய்த நிமிடங்களோ பூஜ்யம். யாராவது விசாரித்தால் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்வேன். அது பொய்யாக இல்லாததுதான் அதிலிருந்த ஆபத்து. சோம்பலால் சும்மா இருப்பவருக்குத் தான் சும்மா இருக்கிறோம் என்பதாவது தெரியும். என்னைப் போன்றவர்கள் இரவெல்லாம் கண் விழித்து உழைத்துவிட்டு, விடிந்து பார்த்தால் அதே இடத்தில் இருப்போம். அலை ஓய்ந்த பிறகு கடலில் தலை முழுகலாம் என்று கரையில் நிற்பவரைப் பற்றிப் பழமொழி கேலி செய்கிறது. நான் நின்றதோடு விடாமல், அலைகளை எண்ணி அட்டவணையும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த 48 மணி நேரத்தில் 46 மணி நேரத்தை வழக்கம்போல வீணடித்தேன். கடைசியில், மைக்குகள் மூன்றையும் பெட்டியிலேயே விட்டுவிட்டு, கைப்பேசியை மேசைமேல் வைத்து, குறிப்பு எதையும் பார்க்காமல் ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன். மின்விசிறியின் இரைச்சல் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டது, இடையில் இருமினேன், ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லித் திருத்தினேன். ஆனால் அனுப்பிய பிறகு உணர்ந்த ஒன்றை இந்தப் பயிற்சியின் தலையாய சரக்கு என்றே சொல்வேன். நான்கு ஆண்டுகளாக என் மனத்தில் இருந்த பாட்காஸ்ட்டுக்கும் என்னால் உண்மையில் செய்ய முடிந்ததற்கும் இடையே உள்ள தூரம், அதுவரை அளக்க முடியாத ஒரு பயமாக இருந்தது. ஏழு நிமிட ஒலிக்கோப்பு கைக்கு வந்ததும், விசிறியை நிறுத்த வேண்டும், ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும் என்று அது மூன்று வேலைகளாகச் சுருங்கியது. பயத்தை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த மூன்று வேலைகளையோ ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

பயிற்சியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு வீதம் 12 காணொளிப் பாடங்கள், ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். வாரம் ஒரு முறை எட்டுப் பேர் கொண்ட குழுவின் காணொளிக் கூட்டம், ஒரு மணி நேரம். ஒவ்வொருவருக்கும் குழுவிலிருந்தே ஒரு கூட்டாளி ஒதுக்கப்படுவார். ஒவ்வொரு வார இறுதியிலும், வேலை எந்த நிலையில் இருந்தாலும் அந்த நிலையிலேயே அவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். இவற்றோடு 94 பக்கப் பயிற்சி ஏடு ஒன்றும், தினசரி முன்னேற்றத்தைப் பதிந்துகொள்ளக் கைப்பேசிச் செயலி ஒன்றும் தருகிறார்கள். இந்த ஐந்தில் கூட்டமும் கூட்டாளியும் கொடுத்த காசுக்குத் தகுந்தவை, பாடங்கள் பாதிக்குத் தகுந்தவை, ஏடும் செயலியும் இல்லாமலிருந்தால் பயிற்சி இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் முடிவு. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதல் வாரப் பாடங்கள் கோட்பாடு. பெர்ஃபெக்‌ஷனிசம் என்று நாம் ஆங்கிலச் சொல்லாலேயே குறிப்பிட்டுப் பழகிவிட்டதை அவர்கள் முழுமைவாதம் என்கிறார்கள். எனக்கு முழுமைப் பித்து என்பதே பொருத்தமாகப் படுகிறது; வாதமாக இருந்தால் எதிர்வாதம் வைத்துத் தீர்த்துவிடலாம், இது அப்படித் தீருவதில்லை. பெயர் எதுவானாலும், 1991 இல் உளவியலாளர்கள் பால் ஹெவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் செய்த பாகுபாட்டை முதல் பாடத்திலேயே கொண்டுவந்தது நல்ல தேர்வு. தன்னிடம் தானே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் அதை எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது என அவர்கள் மூன்று வகைகளைப் பிரித்தார்கள். நான் என்னை முதல் வகை என்றே எண்ணியிருந்தேன், அதில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது. கூட்டத்தில் பயிற்றுநர் என்னிடம், யாருமே கேட்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த முதல் வாக்கியத்தை எத்தனை முறை மாற்றியிருப்பீர்கள் என்று கேட்டார். ஒரு முறைகூட மாற்றியிருக்க மாட்டேன். மூன்றாம் வகையாக இருந்துகொண்டு முதல் வகை என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இதே பாடத்தில் ஒரு சறுக்கலும் உண்டு. தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 2019 இல் வெளியிட்ட பகுப்பாய்வு பெரும் பரபரப்போடு எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர்கள் 41,641 பேர் 1989 முதல் 2016 வரை அளித்த விடைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது மூன்று வகைகளுமே உயர்ந்திருந்தன. அவற்றில் மூன்றாம் வகை மட்டும் 33 விழுக்காடு உயர்ந்திருந்தது. இதுவரை சரி. அடுத்த நொடியே திரையில் ஒரு கைப்பேசியின் படம் தோன்றி, சமூக ஊடகமே இதற்குக் காரணம் என்று குரல் அறிவிக்கிறது. அந்தப் பகுப்பாய்வு உயர்வைக் காட்டியது. காரணங்களைப் பற்றி ஆசிரியர்கள் விவாதித்தார்கள், ஆனால் ஒரே காரணத்தை நிறுவவில்லை. கணக்கு தொடங்கும் 1989 இல் சமூக ஊடகம் என்று எதுவும் இருக்கவில்லை என்பதையாவது பாடத்தை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். முழுமையை விடச் சொல்லித் தரும் பயிற்சியில் இப்படிக் குறை காண்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் தோராயமாகச் செய்வது வேறு, தவறாகச் சொல்வது வேறு.

பாடங்களில் மிகச் சிறந்தது இரண்டாம் வாரத்துப் பாடம். ஹெர்பர்ட் சைமன் 1956 இல் முன்வைத்த ஒரு கருத்தைச் சுற்றி அது அமைந்திருக்கிறது. மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் ஒப்பிட்டு ஆகச் சிறந்ததைத் தேர்வதில்லை, அதற்கான நேரமோ தகவலோ மூளைத்திறனோ யாருக்கும் கிடையாது. தமக்குப் போதுமான அளவு எது என்று ஒரு வரம்பை வைத்துக்கொண்டு, அந்த வரம்பைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். 1978 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவருடைய பணிகளில் இந்தக் கருத்து மையமானது. இதை வைத்துப் பாடம் சொல்லும் செய்முறை எளியது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, இந்த மூன்றும் நிறைவேறினால் நிறுத்திவிடுவேன் என்று மூன்று நிபந்தனைகளை எழுதி, கூட்டாளியிடம் கொடுத்துவிட வேண்டும். முன்பே என்பதுதான் இதில் உயிர்நாடி. வேலை நடந்துகொண்டிருக்கும்போது வரம்பைத் தீர்மானித்தால், கை மேலே போகப் போக வரம்பும் மேலே போய்க்கொண்டே இருக்கும். அடிவானத்தை நோக்கி நடப்பவரின் கதைதான்.

நான் எழுதிக் கொடுத்த நிபந்தனைகள் இவை: ஆண்டுகளும் ஆட்களும் தவறில்லாமல் இருக்க வேண்டும், பேச்சு தெளிவாகக் காதில் விழ வேண்டும், இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பது படம் இல்லாமலே விளங்க வேண்டும். குரலின் கம்பீரம், பின்னணி இசை, தலைப்பின் கவர்ச்சி, வாக்கியத்தின் ஓசைநயம் ஆகிய நான்கும் பட்டியலில் இடம்பெறவில்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது, நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்த நான்கில்தான் செலவழித்திருக்கிறேன் என்பது கண்முன் தெரிந்தது. 24 பகுதிகள் என்ற திட்டம் அந்த வாரமே 12 நிமிட ஒற்றைப் பகுதியாகச் சுருங்கியது. அதற்காக ஓர் இரவு துக்கம் கொண்டாடினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வாரம் நேர மேலாண்மை. 1980களின் பிற்பகுதியில் இத்தாலிய மாணவர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்து உருவாக்கிய 25 நிமிட வேலைமுறையை இங்கே கற்பிக்கிறார்கள். ஏற்கெனவே எங்கும் கிடைக்கும் தகவல். ஒலிப்பதிவின் நடுவே மணி அடிப்பது எனக்கு உதவவில்லை. ஒரு பாடத்தில் முடித்திருக்கலாம்.

நான்காம் வாரத்துப் பாடம் இதைவிடக் கனமானது. எப்படியாவது செய்துவிட வேண்டும் என்ற பொதுவான உறுதிக்குப் பதிலாக, இன்ன சூழல் வரும்போது இன்னதைச் செய்வேன் என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் முறையைப் பற்றி உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 இல் விரிவாக எழுதினார். 2006 இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்து, அந்த முறைக்குக் கணிசமான பலன் இருப்பதைக் காட்டினார்கள். பாடம் இதைச் சரியாகவே விளக்குகிறது. ஆனால் பித்துப் பிடித்தவர்களுக்கு ஏற்ற ஒரு திருத்தத்தையும் பயிற்றுநர் கூட்டத்தில் சேர்த்தார், அதுதான் எனக்கு மிகுந்த பயன் தந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலையைத் தொடங்கும் தருணத்தைவிட, வேலையிலிருந்து நழுவும் தருணமே ஆபத்தானது. ஆகவே முடிச்சை அங்கே போடுங்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தகவலைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றினால், தாளில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே பேசுவேன் என்று எழுதி, மைக்கின் அடியில் ஒட்டி வைத்தேன். முதல் பகுதி முடிந்தபோது அந்தத் தாளில் 14 கேள்விக்குறிகள் இருந்தன. அவற்றில் 11 சரியாகவே இருந்தன, மூன்றைத் திருத்தினேன், மொத்தம் 40 நிமிடம் பிடித்தது. முன்பெல்லாம் ஒரு கேள்விக்குறிக்கே ஓர் இரவு போகும்.

ஐந்தாம் வாரத்தில்தான் கூட்டாளியின் பங்கு உச்சத்தை எட்டுகிறது. எனக்கு வாய்த்தவர், சிறு குழுக்கள் தங்கள் செலவுகளைப் பகிர்ந்து கணக்கிட உதவும் செயலி ஒன்றைப் பல ஆண்டுகளாக வடிவமைத்துக்கொண்டிருந்தவர். இயந்திர வரலாற்றில் அவருக்கு எந்த ஆர்வமும் இல்லை. வேலையைப் பெறுபவர் நன்றாக இருக்கிறது என்றோ நன்றாக இல்லை என்றோ சொல்லக் கூடாது என்பது பயிற்சியின் விதி. எந்த இடத்தில் கவனம் சிதறியது, எது விளங்கியது, எந்தக் கேள்வி மனத்தில் நின்றது என்ற மூன்றுக்கு மட்டுமே அவர் பதில் தர வேண்டும். பாராட்டும் கண்டனமும் ஒரே நேரத்தில் தடைசெய்யப்படும்போது, மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் மாணவன் மனத்திலிருந்து எழுந்து போய்விடுகிறான்; மிச்சம் இருப்பது வேலை மட்டும்.

என் முதல் பகுதி, கணக்கிடும் இயந்திரங்களை வடிவமைத்த 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜைப் பற்றியது. கூட்டாளியின் பதிலில் எதிரொலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூச்சுச் சத்தத்தைப் பற்றி இல்லை. நான் வெட்கப்பட்ட எதைப் பற்றியும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு அவர் இப்படி எழுதியிருந்தார்: "அவர் இயந்திரத்தை முடிக்கவில்லை என்பதை ஒன்பது நிமிடம் சொல்கிறீர்கள். அதே மாதிரி இயந்திரத்தைச் செய்து முடித்த தகப்பனும் மகனும் ஒரே வாக்கியத்தில் வந்து போய்விட்டார்கள். அவர்கள் எப்படி முடித்தார்கள்?"

நான்கு ஆண்டுகளாகக் குறிப்பெடுத்தும் எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. கணித அட்டவணைகளைத் தானே கணக்கிட்டுத் தருவதற்காக வடிவமைத்த தன் வித்தியாச எந்திரத்தின் (Difference Engine) சிறு மாதிரியைப் பாபேஜ் 1822 இல் காட்டினார். மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. ஜோசஃப் கிளெமென்ட் என்ற தேர்ந்த கைவினைஞர் 1832 இல் கணக்கிடும் பாகத்தின் ஏழில் ஒரு பங்கைப் பொருத்திக் காட்டினார், அது நன்றாகவே ஓடியது. அத்தோடு நின்றது. கிளெமென்ட்டோடு பணத்தகராறு வந்தது, வேலை தடைபட்டது. அதற்குள் பாபேஜின் மனம், பலவகைக் கணக்குகளையும் செய்யக்கூடிய, இன்னும் விரிந்த பகுப்பாய்வு எந்திரத்துக்குத் தாவிவிட்டது. 17,000 பவுண்டுக்கும் மேல் செலவழித்த அரசு 1842 இல் கைவிட்டது. பிறகு 1840களின் இறுதியில் இரண்டாம் வித்தியாச எந்திரத்துக்கு நேர்த்தியான வரைபடங்கள் போட்டார். அதுவும் கட்டப்படாமலே 1871 இல் அவர் இறந்தார்.

இதற்கிடையில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் அச்சகமும் பத்திரிகையும் நடத்தியவரான ஜார்ஜ் ஷாய்ட்ஸ், பாபேஜின் எந்திரத்தைப் பற்றி 1834 இல் ஒரு பிரிட்டிஷ் இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, தன் மகன் எட்வர்டோடு சேர்ந்து அதே தத்துவத்தில் வேலையைத் தொடங்கினார். அவர்களிடம் பாபேஜின் நுணுக்கமும் இல்லை, பணமும் இல்லை. 1843 இல் மரச்சட்டத்தில் ஒரு மாதிரி ஓடியது. 1853 இல் உலோகத்தில் முழு எந்திரம் தயாரானது. 1855 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1857 இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரிலுள்ள டட்லி வானாய்வகம் அதை வாங்கியது. பாபேஜின் வடிவமைப்போடு ஒப்பிட்டால் அது சிறியது, முரண்டு பிடிப்பது, ஆள் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டியது. இருந்தாலும் அதன் நகல் ஒன்று பிரிட்டிஷ் அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறைக்கே செய்து கொடுக்கப்பட்டு, எந்த வயதினர் இன்னும் எத்தனை ஆண்டு வாழக்கூடும் என்று காட்டும், 1864 இல் வெளியான ஆயுள் அட்டவணைகளைக் கணக்கிடப் பயன்பட்டது. ஷாய்ட்ஸ் எந்திரம் லண்டனுக்கு வந்தபோது பாபேஜ் பொறாமைப்படாமல் அதற்கு ஆதரவு தேடிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூட்டாளியின் கேள்விக்குப் பிறகு என் இரண்டாம் பகுதி முழுக்க ஷாய்ட்ஸ் குடும்பத்தின் கதையாயிற்று. இந்த மாற்றம் எந்தக் குறிப்பேட்டிலிருந்தும் வந்திருக்காது. நான் மெனக்கெட்டுத் திருத்திக்கொண்டிருந்த குறைகள் கேட்பவரின் காதில் விழவே இல்லை, அவர் கண்ட குறையோ என் கண்ணில் படவே இல்லை. இந்தப் பயிற்சி எனக்குத் தந்ததில் விலை மதிக்க முடியாதது இதுதான். ஆனால் எந்தக் காணொளிப் பாடமும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பாடங்கள் சொல்வது வேறு. ஐந்தாம் வாரக் காணொளியில் லியனார்டோ டா வின்சி, முடிக்காமல் விட்டவர்களுக்கு எச்சரிக்கை உதாரணமாக வருகிறார். 1503 வாக்கில் தொடங்கிய மோனா லிசாவை ஒப்படைக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு 1519 இல் இறந்தார், பாருங்கள் என்கிறார்கள். பார்த்தேன், இப்படி வைத்துக்கொண்டே இருந்தால் உலகப் புகழ் பெறலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பித்தைத் தணிக்க வந்த உதாரணம் பித்துக்கு விருந்து வைக்கிறது. ஒரே எண்ணத்தை ஒருவர் முடிக்காமல் விட்டு, இன்னொருவர் முடித்த கதைகளையே எடுத்திருக்க வேண்டும்.

அப்போதும் ஒன்றை மறைக்கக் கூடாது. பாபேஜ் தோற்றதற்கு முழுமைப் பித்து மட்டுமே காரணம் அல்ல. பணமும் சண்டையும் அரசியலும் சேர்ந்த சிக்கல் அது. மேலும் அவருடைய வடிவமைப்பு தவறானதும் அல்ல. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் இரண்டாம் வித்தியாச எந்திரத்தின் கணக்கிடும் பாகத்தை அவர் பிறந்த 200 ஆவது ஆண்டான 1991 இல், 19 ஆம் நூற்றாண்டில் எட்டக்கூடிய துல்லியத்துக்கு உட்பட்டே கட்டி முடித்தது, அது பிழையில்லாமல் கணக்கிட்டது. இத்தகைய சிக்கல்களுக்குப் பாடங்களில் இடமே இல்லை. தொடங்கினால் போதும், எல்லாம் நடக்கும் என்பதே அவற்றின் சுருதி.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்பதுபோலப் பேசுவது இன்னொரு பலவீனம். கூட்டத்தில் ஒருவர் மருந்தளவுகளைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவர். நானும் ஓரளவு சரியாக இருந்தால் போதும் என்று விட வேண்டுமா என்று கேட்டார், பாடங்களில் அதற்கு விடை இல்லை. பாபேஜின் கதையிலேயே விடை இருக்கிறது. கப்பலோட்டிகள் நம்பியிருந்த அட்டவணைகளில் ஒரு இலக்கம் பிசகினாலும் உயிர் போகலாம் என்பதால்தான் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணமே பிறந்தது. அட்டவணையில் பிழை இருக்கக் கூடாது. அதைத் தயாரிக்கும் எந்திரம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. எதில் கறாராக இருப்பது, எதில் தளர்வது என்று ஒவ்வொருவரும் தன் வேலைக்குள்ளேயே கோடு கிழிக்க உதவும் பாடம் ஒன்று தேவை. இரண்டாம் வாரத்து மூன்று நிபந்தனைகள் அதற்கு மிக அருகில் வந்து நின்றுவிடுகின்றன.

இனி ஏட்டுக்கும் செயலிக்கும் வருகிறேன். பயிற்சி ஏடு கண்ணைப் பறிக்கும் அழகோடு இருக்கிறது. அதுதான் கோளாறு. எங்கள் குழுவில் எட்டுப் பேரில் மூவர், ஏட்டைப் பிசகில்லாமல் நிரப்புவதையே தங்கள் வேலையாக ஆக்கிக்கொண்டார்கள். ஒருவர் தன் கையெழுத்து சரியில்லை என்று முதல் 20 பக்கங்களை மறுபடி அச்செடுத்து எழுதினார். குடிப்பழக்கத்திலிருந்து மீள வந்தவருக்குக் கண்ணாடிக் கோப்பைகளைப் பரிசளித்ததுபோல இருந்தது. 94 பக்கத்துக்குப் பதில், கோடு போடாத வெறும் தாள் பத்து கொடுத்திருந்தால் போதும்.

செயலி இன்னும் மோசம். தினமும் சிறிதளவாவது வேலை செய்தால் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஒரே ஒரு நாள் தவறினாலும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. 22 நாள் தொடர்ந்து வேலை செய்தபின் காய்ச்சலில் ஒரு நாள் படுத்திருந்தேன். மறுநாள் திரையில் பெரிய பூஜ்யம். 23 நாட்களில் 22 நாள் வேலை செய்தவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லும் கணக்கைத்தான் நாங்கள் பிறந்ததிலிருந்தே எங்களுக்குள் போட்டு வந்திருக்கிறோம். அதை விடத்தானே கட்டணம் கட்டினோம். எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்தேன். ஊக்கத்துக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. சான்றிதழும் இதே போக்குதான்: எல்லாப் பாடங்களையும் எல்லாப் பயிற்சிகளையும் 100 விழுக்காடு முடித்தவர்களுக்கே அது கிடைக்கும். நான் 92 இல் நின்றேன். கிடைக்காததை ஒரு தேர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு குறையை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. ரோஸ் ஷாஃப்ரன், சாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் ஆகியோர் 2002 இல் எழுதிய கட்டுரை, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான முழுமைப் பித்தை வரையறுத்தது: கெடுதலான விளைவுகள் தெரிந்தும் கடுமையான அளவுகோல்களைத் துரத்துவதிலேயே ஒருவர் தன் மதிப்பு முழுவதையும் வைத்துவிடுவது அது. மனச்சோர்வு, உணவு உண்பது தொடர்பான கோளாறுகள் போன்றவற்றோடு அது பின்னிக் கிடப்பதுண்டு. அந்த நிலையில் இருப்பவரிடம் 48 மணி நேரத்தில் மோசமான ஒன்றை அனுப்பு என்பது உதவியாகாது. மனநல நிபுணரிடம் போகச் சொல்வதே உதவி. பயிற்சியின் விதிமுறைப் பக்கத்தில் கீழே இதைப் பற்றி ஒரே ஒரு வரி சிற்றெழுத்தில் இருக்கிறது. முதல் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டிய வரி அது. எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாம் வாரத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் விலகினார். ஏன் என்று தெரியாது, ஆனால் அவரைத் தேடி யாரும் எழுதியதாகவும் தெரியவில்லை.

பயிற்றுநரைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். காணொளிகளில் ஒரு மயிரிழை பிசகாமல் பேசும் அதே மனிதர், நேரடிக் கூட்டங்களில் தடுமாறுகிறார், சொன்னதைத் திருத்திக்கொள்கிறார், இதற்கு எனக்கு விடை தெரியாது என்கிறார். கூட்டத்தில் வரும் இவரைத்தான் நாங்கள் நம்பினோம். அடுத்த முறை காணொளிகளையும் வெட்டித் தொகுக்காமல் அப்படியே விட்டால் பாதிப் பாடம் தானாக நடந்துவிடும்.

யார் சேரலாம் என்றால், கையில் ஒரு குறிப்பிட்ட எண்ணம் இருந்து, அதைப் பற்றி நண்பர்களிடம் பேசிப் பேசியே ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்டவர்கள் சேரலாம். என்ன செய்வது என்றே முடிவாகாதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒருவருக்கொருவர் உண்மை பேசக்கூடிய ஒரு நண்பர் வாய்த்திருந்தால், வார இறுதிக் கெடுவையும் மூன்று நிபந்தனைகளையும் மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு கட்டணமே இல்லாமல் இதில் முக்கால் பங்கை நீங்களே நடத்திக்கொள்ளலாம். ஆனால் நண்பருக்குக் கொடுத்த கெடுவை நான் எத்தனை முறை தள்ளிப்போட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் காத்திருக்கிறார் என்பதற்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

மூன்று மாதங்களில் நான்கு பகுதிகள் வெளிவந்திருக்கின்றன. கேட்பவர்கள் அதிகம் இல்லை. ஐந்தாவது பகுதி இரண்டு வாரமாக இழுபறியில் இருக்கிறது, செயலியை அழித்துவிட்டதால் என் பூஜ்யம் எவ்வளவு பெரியது என்று தெரியாது. இரண்டாம் பகுதியில் அந்தத் தகப்பன், மகன் பெயரை முதல் பாதியில் ஷூட்ஸ் என்றும் இரண்டாம் பாதியில் ஷாய்ட்ஸ் என்றும் உச்சரித்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். நன்றி சொல்லிப் பதில் போட்டேன். பதிவு அப்படியே இருக்கிறது.